போல்ட்டுக்கு நட்டைப் பொருந்த வைத்தவர்: ஜோசப் விட்வொர்த்



நம் சுவர்ப் பத்திரிகையில் இதுவரை காந்தியடிகள், காமராசர், பாரதியார், மேரி கியூரி, கல்பனா சாவ்லா என்று எல்லோரும் வந்துவிட்டார்கள். எடிசன் இரண்டு தடவை வந்துவிட்டார். அதனால் இதுவரை யாரும் எழுதாத ஒருவரை நான் எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் ஜோசப் விட்வொர்த். இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த பொறியாளர். இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களைச் செய்தவர். அவர் செய்தவை பல இருந்தாலும், நான் முக்கியமாக எழுத வந்தது போல்ட்டு நட்டைப் பற்றித்தான். சிரிக்காதீர்கள். கடைசி வரை படியுங்கள்.

அவர் கதைக்குப் போகும் முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். போல்ட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் என்ன வித்தியாசம்? பெரிசா இருந்தா போல்ட்டு, சின்னதா இருந்தா ஸ்க்ரூ என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஸ்பேனர் போட்டால் போல்ட்டு, திருப்புளி போட்டால் ஸ்க்ரூ என்றும் சிலர் சொல்வார்கள். இரண்டும் சரியில்லை. பொறியியல் புத்தகங்கள் வேறு மாதிரி பிரிக்கின்றன. இரண்டு பொருள்களில் நேருக்கு நேர் ஓட்டை போட்டு, இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து, அங்கே ஒரு நட்டைப் போட்டு இறுக்கினால் அது போல்ட்டு. நட்டே இல்லாமல், ஓட்டையின் உள்சுவரில் இருக்கும் மரையிலேயே திருகி இறக்கினால் அது ஸ்க்ரூ. சுருக்கமாகச் சொன்னால், இறுக்கும்போது நட்டு சுற்றினால் போல்ட்டு, தலை சுற்றினால் ஸ்க்ரூ.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே சாமானை இன்று நட்டுப் போட்டு மாட்டினால் போல்ட்டு. நாளை அதையே மோட்டாரின் உடம்பில் இருக்கும் மரை ஓட்டையில் இறக்கினால் ஸ்க்ரூவின் வேலையைச் செய்கிறது. ஆகவே பெயர் சாமானை வைத்து மட்டும் இல்லை, அது செய்யும் வேலையை வைத்தும் வருகிறது.

கதவுக் கீலில் போடும் மர ஸ்க்ரூ இன்னொரு ஜாதி. அதன் முனை கூராக இருக்கும். மரத்துக்குள் போகும்போது தானே வழியை வெட்டிக்கொண்டு போகும். அதற்கு ஜோடி தேவையில்லை. போல்ட்டுக்கு அப்படி இல்லை. அதன் வெளிமரையும் நட்டின் உள்மரையும் ஒன்றுக்கொன்று அச்சாகச் சேர வேண்டும். சேராவிட்டால் இரண்டும் வெறும் இரும்புதான். விட்வொர்த் தீர்த்து வைத்தது இந்த ஜோடிப் பிரச்சினையைத்தான்.

பிரச்சினை என்னவென்று புரிய, பெண் பிள்ளைகள் காதைத் தொட்டுப் பாருங்கள். தோட்டின் திருகாணி தொலைந்து போனால் என்ன ஆகிறது? பக்கத்தில் இருப்பவள் திருகாணியை வாங்கிப் போட்டால் ஏறாது, அல்லது லொடலொடவென்று ஆடும். என் தோட்டுத் திருகாணி என் அத்தை மகள் தோட்டுக்குச் சேராது. அது அந்த ஆசாரி போட்ட மரை, இது இந்த ஆசாரி போட்ட மரை. திரும்பவும் ஆசாரியிடம்தான் போக வேண்டும். 1830களில் இங்கிலாந்தில் நீராவி எஞ்சின், தறி, இரயில் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஒவ்வொரு பட்டறைக்கும் அதன் இஷ்டப்படி மரை. ஒரு பட்டறை செய்த எஞ்சினில் ஒரு நட்டு தொலைந்தால் அடுத்த ஊர்ப் பட்டறை நட்டு சேராது. இரயில் எஞ்சினுக்கே இப்படி என்றால் எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி அவருடைய வாழ்க்கை.

ஜோசப் விட்வொர்த் 1803 டிசம்பர் 21 அன்று ஸ்டாக்போர்ட் என்னும் ஊரில் பிறந்தார். அது மான்செஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ளது. தந்தை சார்லஸ் பள்ளி ஆசிரியர். பிறகு அவர் கிறிஸ்தவ போதகர் ஆனார். 1814-ல் தாய் சாரா இறந்துவிட்டார். அப்போது ஜோசப்புக்குப் பத்து வயது. ஆரம்பப் படிப்பைத் தந்தையிடமே படித்தார். பிறகு கொஞ்ச காலம் வெளியூர்ப் பள்ளியில் படித்தார். அவ்வளவுதான் பள்ளிப் படிப்பு. பதினாலு வயதில் அவரைத் தாய்மாமனின் பஞ்சு மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பதினாலு வயது என்றால் நம் ஒன்பதாம் வகுப்பு வயது. இங்கேயும் மில் வேன் ஏறிப் போகும் அக்காக்களை நாம் பார்க்கிறோம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஜோசப் கூலிக்குப் போகவில்லை. வியாபாரம் பழகி, பின்னாளில் மாமாவோடு பங்குதாரர் ஆகட்டும் என்றுதான் அனுப்பினார்கள். அவர் நினைத்திருந்தால் சும்மா இருந்தே முதலாளி ஆகியிருக்கலாம். அவருக்கோ கணக்கு நோட்டில் மனம் போகவில்லை. மில்லில் இருந்த ஒவ்வொரு இயந்திரமும் எப்படி ஓடுகிறது என்று பார்த்துக் கற்றுக்கொண்டார். பார்க்கப் பார்க்க அவருக்கு ஒன்று தெரிந்தது. இயந்திரங்கள் எல்லாம் கரடுமுரடாகச் செய்யப்பட்டிருக்கின்றன, எதிலும் துல்லியம் இல்லை. 1821-ல் மாமாவிடம் சொல்லாமல் கொள்ளாமல் மான்செஸ்டருக்குப் போய் ஒரு பட்டறையில் சாதாரண மெக்கானிக்காகச் சேர்ந்துவிட்டார்.

1825-ல் பிரான்சஸ் ஆங்கர்ஸ் என்ற பெண்ணை மணந்தார். பிறகு லண்டன் போனார். அந்தக் காலத்தில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பவரின் பட்டறை மிகவும் பேர் பெற்றது. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே நல்ல திருத்தமான மரை வெட்டும் லேத்தைச் செய்து காட்டியவர் மாட்ஸ்லே. அதற்கு முன் மரை வெட்டுவது பெரும்பாலும் கைத்திறமைதான். விட்வொர்த் மாட்ஸ்லேயிடம் வேலை செய்தார். பிறகு ஜோசப் கிளமெண்ட் என்பவரிடம் சேர்ந்தார். அந்தக் கிளமெண்ட் பட்டறையில் அப்போது என்ன வேலை நடந்துகொண்டிருந்தது தெரியுமா? கம்ப்யூட்டரின் தந்தை என்று நாம் பாடத்தில் படிக்கும் சார்லஸ் பாபேஜ் கணக்கிடும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார் அல்லவா, அதன் பாகங்களைத்தான் அங்கே செய்துகொண்டிருந்தார்கள். விட்வொர்த்தும் அதில் வேலை செய்தார். ஆயிரக்கணக்கான பாகங்கள் ஒன்றோடொன்று சேர வேண்டிய இயந்திரம் அது. ஒன்று பிசகினாலும் ஓடாது. துல்லியம் எவ்வளவு முக்கியம் என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்காது. 1833-ல் அந்த வேலை பாதியில் நின்று போனது. அதே ஆண்டு விட்வொர்த் மான்செஸ்டருக்குத் திரும்பிச் சொந்தமாகப் பட்டறை வைத்தார்.

போல்ட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒரு தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஒரு இரும்புத் தட்டு சமமாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்கேலை வைத்துப் பார்க்கலாம். ஸ்கேல் நேராக இருக்கிறது என்று யார் சொன்னது? இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தேய்த்துப் பார்க்கலாம். ஆனால் அதிலும் ஏமாற்றம் உண்டு. ஒரு தட்டு உள்ளங்கை போல லேசாகக் குழிந்தும், இன்னொன்று லேசாகப் புடைத்தும் இருந்தால் இரண்டும் அழகாகப் பொருந்திவிடும். நாமும் சமம் என்று நினைத்துக்கொள்வோம். அதனால் மூன்று தட்டுகள் வேண்டும். முதலாவது இரண்டாவதோடு, இரண்டாவது மூன்றாவதோடு, மூன்றாவது முதலாவதோடு என்று எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்த வேண்டும். குழியும் புடைப்பும் சேரும். ஆனால் புடைப்பும் புடைப்பும் சேராது. ஆகவே மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் மூன்றும் சமம் என்றே அர்த்தம். வேறு வழியே இல்லை! இதற்கு ஸ்கேலும் வேண்டாம், வேறு எந்தக் கருவியும் வேண்டாம்.

தட்டில் மெல்லிசாகச் சாயம் பூசி இன்னொரு தட்டை அதன்மேல் வைத்து நகர்த்தினால் மேடான இடத்தில் மட்டும் சாயம் ஒட்டும். அந்த இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி பூச வேண்டும், மறுபடி சுரண்ட வேண்டும். இப்படி எத்தனையோ தடவை. அதுவரை பட்டறைகளில் உப்புத்தாள் பொடி போன்ற ஒன்றைப் போட்டுத் தேய்ப்பதுதான் வழக்கம். பொடி எங்கே சேர்கிறதோ அங்கே அதிகமாகத் தேயும். சுரண்டினால் வேண்டிய இடத்தில் மட்டும் எடுக்கலாம். 1840-ல் கிளாஸ்கோ நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் விட்வொர்த் இந்த முறையைப் பற்றிக் கட்டுரை படித்தார்.

அடுத்த ஆண்டு, 1841-ல், லண்டனில் உள்ள கட்டுமானப் பொறியாளர் சங்கத்தில் இன்னொரு கட்டுரை படித்தார். அதுதான் மரை பற்றியது. அதற்காக அவர் செய்த வேலை இதுதான். இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்து அவரவர் பயன்படுத்தும் போல்ட்டுகளைச் சேகரித்தார். ஒவ்வொன்றின் தடிமன், ஒரு அங்குல நீளத்தில் எத்தனை மரை, மரையின் ஆழம், அதன் சரிவு என்று எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு சராசரி எடுத்தார். நாம் ஏழாம் வகுப்பில் போட்ட அதே சராசரிதான்!

மரையின் இரண்டு பக்கச் சரிவுக்கும் நடுவில் உள்ள கோணம் சராசரியாக 55 டிகிரி வந்தது. அதையே வைத்துக்கொண்டார். கூர்மையான முனை உடையும், கூர்மையான பள்ளத்தில் விரிசல் விடும் என்பதால் மேலே ஆறில் ஒரு பங்கும் கீழே ஆறில் ஒரு பங்கும் உருட்டிவிடச் சொன்னார். கால் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 20 மரை, அரை அங்குலத்துக்கு 12, முக்கால் அங்குலத்துக்கு 10, ஒரு அங்குலத்துக்கு 8 என்று பட்டியல் போட்டார். அரை அங்குல போல்ட்டில் நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் அது அங்குலத்தில் 12-ல் ஒரு பங்கு, அதாவது சுமார் 2 மில்லிமீட்டர் முன்னேறும்.

கட்டுரையில் அவர் மரைக்குத்தான் விதி வகுத்தார். போல்ட்டுக்குத் தனி, ஸ்க்ரூவுக்குத் தனி என்று பிரிக்கவில்லை. அது சரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நட்டுக்குள் போனாலும் எஞ்சின் உடம்புக்குள் போனாலும் பிடித்து நிறுத்துவது மரைதானே.

இதில் யோசிக்க ஒரு விஷயம் இருக்கிறது. அவர் அப்போதே பேர் பெற்ற பொறியாளர். என் பட்டறை மரைதான் இருப்பதிலேயே சிறந்தது, எல்லோரும் இதைப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லியிருந்தால் மற்ற முதலாளிகள் கேட்டிருப்பார்களா? எங்கள் மரைக்கு என்ன குறை என்று சண்டைக்கு வந்திருப்பார்கள். சராசரி என்பதால் அது யாருடைய மரையும் இல்லை, எல்லாருடைய மரையிலும் கொஞ்சம் அதில் இருந்தது. அதனால் யாருக்கும் தோற்றுப்போன எண்ணம் வரவில்லை. அதற்குச் சட்டமும் போடவில்லை, தண்டனையும் இல்லை. இரயில்வே கம்பெனிகள் முதலில் எடுத்துக்கொண்டன, பிறகு பட்டறைகள் ஒவ்வொன்றாக மாறின. இருபது ஆண்டுக்குள் இங்கிலாந்து முழுவதும் விட்வொர்த் மரைதான்.

இதன் பலன் கிரிமியப் போர் சமயத்தில் (1853 முதல் 1856 வரை) தெரிந்தது. கடற்படைக்கு அவசரமாகச் சிறு பீரங்கிப் படகுகளுக்கு எஞ்சின் தேவைப்பட்டது. ஜான் பென் என்ற பொறியாளர் தன் எஞ்சின் இரண்டைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் மாதிரியாகப் பல பட்டறைகளுக்கு அனுப்பினார். ஒரு பட்டறை ஒரு பாகம், இன்னொரு பட்டறை இன்னொரு பாகம் என்று செய்து அனுப்பினார்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினார்கள். சுமார் 90 நாளில் 90 எஞ்சின்! மரை ஒன்றாக இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

விட்வொர்த்துக்கு அளப்பதில் ஒரு பைத்தியமே இருந்தது. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் அவருடைய லேத்துகள், துளையிடும் இயந்திரங்கள், இழைக்கும் இயந்திரங்கள் எல்லாம் வைக்கப்பட்டு நிறையப் பரிசுகள் பெற்றன. அதில் ஒரு அளவுக் கருவியும் இருந்தது. அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டும் கருவி! எப்படி முடிந்தது? அதுவும் திருகுதான். அங்குலத்துக்கு 20 மரை உள்ள ஒரு திருகு. அதன் தலையில் 200 பல் உள்ள சக்கரம். அந்தச் சக்கரத்தை ஒரு பல் நகர்த்தும் இன்னொரு திருகு. அந்தத் திருகின் தலையில் 250 கோடு போட்ட வட்டம். 20, 200, 250 மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். 10,00,000 வருகிறதா? வட்டத்தை ஒரு கோடு நகர்த்தினால் கருவியின் முனை அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகரும். எனக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது புல்லரித்துவிட்டது.

ஒரு வளையத்துக்குள் ஓர் உருளை இறுக்கமாகப் போவதையும், அதைவிட அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மெலிந்த இன்னொரு உருளை அதே வளையத்தில் தளர்ந்து ஆடுவதையும் அவர் செய்து காட்டினார். அதற்கு முன் பட்டறை ஆட்கள் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதில் கொஞ்சம் கூடக் குறைய என்று பேசிக்கொண்டிருந்தவர்கள்.

1842-ல் குதிரை இழுக்கும் தெருக்கூட்டும் வண்டி ஒன்றையும் செய்தார். சங்கிலியில் கோத்த துடைப்பங்கள் சுற்றி வந்து குப்பையை வண்டிக்குள் தள்ளும். மான்செஸ்டர் தெருக்களில் அது ஓடியது.

இனி சொல்லப் போவது எனக்குப் பிடிக்காத பகுதி. ஆனாலும் மறைத்து எழுதக்கூடாது. 1854-ல் இங்கிலாந்து அரசு துப்பாக்கி செய்வது பற்றி அவரிடம் வந்தது. அவர் தன் வீட்டுத் தோட்டத்திலேயே 500 கஜ நீளக் கொட்டகை போட்டுச் சுட்டுச் சுட்டுப் பார்த்தார். குழலின் உட்புறம் ஆறு பக்கமாக இருக்கும், அது திருகு போல முறுக்கிக்கொண்டு போகும். குண்டும் ஆறு பக்கம். ஆகவே அது ஸ்க்ரூ போலச் சுழன்றுகொண்டே வெளியே வரும், குறி தப்பாது. 1857 சோதனையில் அப்போது படையில் இருந்த துப்பாக்கியை இது எளிதாக வென்றது. ஆனால் விலை அதிகம், குழலில் கரி சீக்கிரம் அடைத்தது, அதனால் அரசு படைக்கு வாங்கவில்லை. 1860-ல் விம்பிள்டனில் துப்பாக்கி சுடும் போட்டியைத் தொடங்கி வைக்க விக்டோரியா மகாராணி முதல் குண்டைச் சுட்டது விட்வொர்த் துப்பாக்கியில்தான். தாங்கியில் பொருத்தி வைத்த துப்பாக்கியின் கயிற்றை அவர் இழுத்தார். 400 கஜம் தள்ளியிருந்த இலக்கின் நடுவிலேயே பட்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861 முதல் 1865 வரை) அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட தென் மாநிலப் படை இந்தத் துப்பாக்கிகளையும் விட்வொர்த் பீரங்கிகளையும் வாங்கிப் பயன்படுத்தியது. தூரத்தில் மறைந்திருந்து சுடுபவர்கள் இதை விரும்பினார்கள். நட்டுப் பொருந்தக் கற்றுக்கொடுத்த அதே துல்லியம்தான் அரை மைல் தள்ளி நிற்கும் மனிதனைக் கொல்லவும் போனது. இவரைப் பாராட்டி எழுதும்போது இதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நடந்த வரிசையிலேயே வைத்துவிட்டேன்.

பட்டறையில் நிறையச் சம்பாதித்தார். 1857-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். இயந்திரப் பொறியாளர் சங்கத்துக்கும் தலைவராக இருந்தார். 1868-ல் தன் பணத்திலிருந்து ஒரு உதவித்தொகையை ஏற்படுத்தினார். ஆண்டுக்கு 3000 பவுண்டு, ஆளுக்கு 100 பவுண்டு வீதம் 30 பேருக்கு. இயந்திரத் தொழில் படிக்கும் இளைஞர்களுக்காக. இதில் முக்கியம், ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது, கைவேலையும் தெரிந்திருக்க வேண்டும். அதேபோல் கைவேலை மட்டும் தெரிந்தாலும் போதாது. தானே பட்டறையில் நின்றவர் என்பதால் இப்படி வைத்தார் போலும். விட்வொர்த் உதவித்தொகை இன்றும் கொடுக்கப்படுகிறது. 1869-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1874-ல் தன் தொழிலைக் கம்பெனியாக மாற்றியபோது தொழிலாளர்களும் பங்கு வாங்க வழி செய்தார்.

முதல் மனைவி 1870-ல் இறந்தார். அடுத்த ஆண்டு மேரி லூயிசா என்பவரை மணந்தார். பிள்ளைகள் இல்லை. கடைசிக் காலத்தில் குளிருக்குத் தப்ப மாண்டி கார்லோ போயிருந்தபோது 1887 ஜனவரி 22 அன்று தம் 83-வது வயதில் இறந்தார். அவர் விட்டுச் சென்ற பணத்தில் மான்செஸ்டரில் பூங்காவும் ஓவியக் கூடமும், அவர் வாழ்ந்த டார்லி டேல் ஊரில் மருத்துவமனையும் வந்தன. பெற்ற பிள்ளை இல்லாத மனிதர் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் மரைக்கு என்ன ஆயிற்று? அதற்கு ஒரு போட்டி வந்தது. 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் வேறு மரையைச் சொன்னார். கோணம் 60 டிகிரி, உச்சியில் உருட்டாமல் தட்டையாக விட வேண்டும். அவர் சொன்ன காரணத்தில் நியாயம் இருக்கிறது. உருண்டை முனை வெட்டுவது கஷ்டம், சின்னப் பட்டறைகளால் முடியாது. 60 டிகிரி என்றால் சமபக்க முக்கோணம். நாமே காம்பஸை மட்டும் வைத்து 60 டிகிரி வரைந்துவிடுகிறோம். 55 டிகிரிக்குக் கோணமானி வேண்டும். வீட்டில் வரைந்து பாருங்கள், எது சுலபம் என்று தெரியும். இந்த இடத்தில் எனக்குச் செல்லர்ஸ் பக்கம்தான் சரி என்று படுகிறது.

ஆனால் அதன் விளைவு? ஆளுக்கு ஒரு மரை என்பது போய், நாட்டுக்கு ஒரு மரை என்று ஆனது. அரை அங்குல போல்ட்டில் இங்கிலாந்துக்காரர்களுக்கு 12 மரை, அமெரிக்கர்களுக்கு 13. ஒரே ஒரு மரைதான் வித்தியாசம். ஆனால் நட்டு ஏறாது. இரண்டாம் உலகப் போரில் இரண்டு நாடும் ஒரே பக்கம் நின்று சண்டை போட்டன. ஆனால் அவர்கள் போல்ட்டுகள் சேரவில்லை! பாக்கார்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி, மெர்லின் என்ற இங்கிலாந்து விமான எஞ்சினைச் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டபோது, இங்கிலாந்து மரை வெட்டும் கருவிகளைத் தானே புதிதாகச் செய்துகொள்ள வேண்டி வந்தது. கடைசியில் 1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா மூன்றும் கூடி ஒரே மரைக்குக் கையெழுத்துப் போட்டன. கோணம் 60 டிகிரி. விட்வொர்த்தின் 55 விட்டுக்கொடுக்கப்பட்டது. ஆனால் எல்லோரும் கூடி ஒரே மரை என்பது விட்வொர்த் 1841-ல் கேட்டதுதானே.

இந்தியாவிலும் வெள்ளைக்காரர் கொண்டுவந்த இயந்திரங்களோடு விட்வொர்த் மரை வந்தது. 1955 முதல் சென்னையில் செய்யப்பட்ட பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்களில் இங்கிலாந்து மரைகள் உண்டு. அந்தக் கால ஸ்பேனரில் ஒரு குழப்பம் இருக்கும். அரை என்று போட்டிருந்தாலும் ஸ்பேனரின் வாய் அரை அங்குலம் இருக்காது, அதைவிடப் பெரிதாக இருக்கும். அரை என்பது போல்ட்டுத் தண்டின் தடிமன்! நம் நாடு 1956-ல் சட்டம் போட்டு மெட்ரிக் அளவுக்கு மாறியது. இப்போது கடையில் கிடைக்கும் போல்ட்டுகளில் எம் 8, எம் 10 என்று சொல்வார்கள். எம் 8 என்றால் 8 மில்லிமீட்டர் தடிமன். கோணம் 60 டிகிரி.

அப்படியானால் விட்வொர்த் மரை ஒழிந்து போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. தண்ணீர்க் குழாய்க்கு மட்டும் உலகின் பெரும்பகுதி அவருடைய 55 டிகிரியை விடவில்லை. நம் நாட்டுக் குழாய்களும் அப்படித்தான். அரை இஞ்ச் குழாயின் மரையில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். வெளி அளவு சுமார் 21 மில்லிமீட்டர் இருக்கும். அரை என்பது பழைய காலக் குழாயின் உள் அளவை வைத்து வந்த பெயர். ஒரு அங்குலத்துக்கு 14 மரை இருக்கும். பிளம்பர் அண்ணன் வெள்ளை டேப்பைச் சுற்றிப் புதுக் குழாயைத் திருகும்போது, அது எந்த ஊரில் செய்ததோ, யார் செய்ததோ, நேராகப் போய் உட்காருகிறது. நம் பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் ஐந்து குழாய்களும் அந்த மரைதான். மூன்றாவது குழாய் உடைந்து கட்டையால் அடைத்து வைத்திருக்கிறது. எந்தக் கடையில் அரை இஞ்ச் குழாய் வாங்கினாலும் அதில் சேரும்.

– ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி